புக் போட ஏஜென்ட் வேணுமா? பந்தலூர் தங்கச்சிக்கு ஒரு பதில்

பந்தலூர் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்பா சின்ன வயசுல இலங்கை தலைமன்னார்ல கப்பல் ஏறி வந்து, இங்க தேயிலைத் தோட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவர். அவர் சொல்லச் சொல்ல எழுதி வச்சது 180 பக்கம் வந்திருக்கு. இத புக்கா போட லிட்ரரி ஏஜென்ட் யாராவது இருக்காங்களா, இல்லாமலே போட முடியுமா, ஆன்லைன்ல ஒரு கம்பெனி 45,000 ரூபா கட்டுனா எல்லாத்தையும் நாங்களே பாத்துக்கறோம்னு சொல்லுது, கட்டலாமா. இதான் கேள்வி.

நான் கோத்தகிரி. கோயம்புத்தூர்ல ஒரு பிரஸ்ல ப்ரூஃப் பாக்கற (அச்சுப் பிழை திருத்தற) வேலைல இருபது வருஷம் இருந்தேன், எழுதுனது மூணு புக் வந்திருக்கு. தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல பாதி தெரிஞ்சு காசு விட்டவங்கள நிறைய பாத்துட்டேன்.

முதல்ல அந்த 45,000 கட்டாதீங்க. இப்போதைக்கு கட்டாதீங்க.

ஏஜென்ட் விஷயம் சீக்கிரம் முடிச்சிடலாம். தமிழ்ல புக் போட ஏஜென்ட் தேவையே இல்ல, அப்படி ஒரு தொழிலே நம்ம பக்கம் வளரல. லண்டன், நியூயார்க் பதிப்பகங்க நிறைய நேரடியா கையெழுத்துப் பிரதி வாங்கறதில்ல, அதனால அங்க எழுத்தாளருக்காக பேச நடுவுல ஒரு ஆள் வேணும், அவர் தான் ஏஜென்ட். அந்த ஆள் எழுத்தாளருக்கு வர்ற பணத்துல இருந்து பொதுவா 15 சதவீதம் எடுத்துப்பாரு, முன்னாடியே ஒரு ரூபா கேக்க மாட்டாரு. இத ஞாபகம் வச்சுக்கங்க, நாளைக்கு யாராவது நான் உங்க ஏஜென்ட், ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் அஞ்சாயிரம்னு வந்தா அந்த எடத்துலயே போனை வச்சிடலாம். தமிழ்ல எழுத்தாளர் நேரா பதிப்பாளருக்கு எழுதுவாரு, பதிப்பாளர் படிப்பாரு, பிடிச்சா போடுவாரு. பெரிய பேர் எடுத்தவங்க முக்கால்வாசிப் பேரும் இப்படித்தான் வந்தாங்க.

இப்ப அந்த கம்பெனி. பதிப்பகம்னா தன் காசு போட்டு உங்க புக்கை அச்சடிச்சு, வித்து, அதுல உங்களுக்கு ராயல்டி, அதாவது விக்கற ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு பங்கு, தர்றவங்க. உங்க காசுல அச்சடிச்சு உங்களுக்கே தர்றவங்க அச்சு சேவை பண்றவங்க. ரெண்டும் நேர்மையான தொழில் தான், நான் குறை சொல்லல, ஆனா ரெண்டாவத முதலாவதுன்னு பேர் வச்சு விக்கறாங்க பாருங்க, அங்க தான் ஜனங்க ஏமாறுறாங்க. அவங்க லாபம் உங்ககிட்ட வாங்குன காசுலயே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் புக் வித்தாலும் விக்காட்டியும் அவங்களுக்கு ஒண்ணுமில்ல, அப்ப அத விக்க யாரு மெனக்கெடுவாங்க சொல்லுங்க.

எனக்கே நடந்துச்சு. 2008ல என் முதல் கட்டுரைத் தொகுப்ப ஒரு கம்பெனிகிட்ட காசு கட்டி போட்டேன், பேர் வேண்டாம். ஒப்பந்தத்துல சகல உரிமையும் பதிப்பாளருக்குன்னு ஒரு வரி இருந்துச்சு, புக் வருதுங்கற சந்தோஷத்துல படிக்காம கையெழுத்து போட்டுட்டேன். 400 காப்பி பார்சல் சர்வீஸ்ல மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்துச்சு, அங்கிருந்து ஜீப்புல மேல கொண்டு வந்து சாமி ரூம் ஓரமா தரையில அடுக்கி வச்சேன். 2009 நவம்பர்ல நீலகிரியே சரிஞ்சு விழுந்த மாதிரி ஒரு மழை பேஞ்சுச்சே, குன்னூர் கோத்தகிரி பக்கம் எல்லாம் மண் சரிஞ்சு அத்தன உயிர் போச்சே, அந்த மழையில சுவர் வழியா ஈரம் ஏறி அடி வரிசை முழுக்க பூஞ்சை புடிச்சு, பைண்டிங் கம் விட்டு பதினாறு பதினாறு பக்கக் கட்டா கழண்டு வந்துடுச்சு. ஊர்ல அத்தனை பேர் வீடு வாசல் இழந்து நிக்கறப்ப புக்கப் பத்தி யார்கிட்டயும் பேச வாய் வரல. ஆனா மனசுக்குள்ள ரொம்ப நாள் வலிச்சுச்சு. அதே கட்டுரைகள ஒரு நல்ல பதிப்பகம் பின்னாடி கேட்டப்ப உரிமை என்கிட்ட இல்லன்னு சொல்ல வேண்டியதா போச்சு, அது இன்னும் வலிச்சுச்சு.

சரி, உங்க புக்குக்கு வர்றேன். உங்க கைல இருக்கறது சாதாரண விஷயமில்ல. 1964ல இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல, அங்க இருந்த இந்திய வம்சாவளி ஜனங்கள்ல 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்பறதுன்னு முடிவாச்சு. அதுல ஒரு பகுதி ஜனங்க ராமேஸ்வரத்துல இறங்கி மண்டபம் முகாம் வழியா இந்த மலைக்கு வந்து சேர்ந்தாங்க, கூடலூர் பந்தலூர் கோத்தகிரி குன்னூர்னு டேன்டீ (தமிழ்நாடு அரசு தேயிலைக் கழகம்) தோட்டங்கள்ல அவங்க உழைப்பு தான் இன்னிக்கும் பச்சையா நிக்குது. அத ஒரு மக எழுதறது பெரிய காரியம். ஆனா பதிப்பாளருக்கு எழுதற கடிதத்துல இது கண்ணீர் வரவழைக்கிற கதைன்னு எழுதாதீங்க, தினமும் அப்படி பத்து கடிதம் அவங்களுக்கு வரும். அப்பா எந்த வருஷம் எந்தத் தோட்டத்துல இருந்து கிளம்புனாரு, கப்பல்ல கூட யார் வந்தாங்க, யார் அங்கயே நின்னுட்டாங்க, முகாம்ல எத்தன நாள் இருந்தாங்க, இத ரெண்டு பத்தியில எழுதுங்க. படிக்கறவங்களே மேல கேப்பாங்க.

யாருக்கு அனுப்பறது? இதுக்கு ஒரே வழி தான் எனக்குத் தெரிஞ்சு. பஸ் ஏறி கோயம்புத்தூர் போங்க, ராஜ வீதியில விஜயா பதிப்பகம் கடை இருக்கு, அங்க அரை நாள் நில்லுங்க. உங்க புக் மாதிரி இருக்கற புக், அதாவது தன் வரலாறு, தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை, இலங்கை சம்பந்தப்பட்டது, இதையெல்லாம் எடுத்து யார் போட்டிருக்காங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. அஞ்சாறு பேர் திரும்பத் திரும்ப வருவாங்க, அவங்க தான் உங்க ஆளுங்க. சமையல் புக்கும் ஜோசியமும் போடற எடத்துக்கு இத அனுப்பி ஆறு மாசம் காத்திருந்து மனசு ஒடிஞ்சவங்க இருக்காங்க. அப்புறம் பதிப்பகம்னா சென்னை தான்னு நினைக்காதீங்க. காலச்சுவடு நாகர்கோவில், வம்சி திருவண்ணாமலை, எதிர் வெளியீடு நம்ம அடிவாரம் தாண்டி பொள்ளாச்சி, விடியல் கோயம்புத்தூர். சென்னையில உழைக்கிற ஜனங்க வாழ்க்கைய விரும்பிப் போடறதுல என்சிபிஹெச் (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்), பாரதி புத்தகாலயம் ரெண்டும் பழைய கைங்க. கட்டுரை, வரலாறுன்னா கிழக்கு பதிப்பகம் இருக்கு. இவங்க உங்க புக்க எடுத்துப்பாங்கன்னு நான் சொல்லல, அலமாரியில நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. அந்த 45,000 கம்பெனி போட்ட புக் ஒண்ணாவது அந்தக் கடையில இருக்கான்னும் பாத்துட்டு வாங்க.

அனுப்பறப்ப 180 பக்கத்தையும் ஒரேடியா தள்ளாதீங்க. ஒரு பக்கம் கடிதம், ஒரு பக்கம் சுருக்கம், நல்லா வந்திருக்கற ரெண்டு அத்தியாயம், போதும். யூனிகோடுல (எந்த கம்ப்யூட்டர்லயும் போன்லயும் ஒரே மாதிரி தெரியற எழுத்து முறை) டைப் பண்ண வேர்டு ஃபைலும் ஒரு பிடிஎஃபும் சேத்து மெயில் பண்ணுங்க. நோட்டுப் பக்கத்த போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பறது வேணவே வேணாம். பழைய பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிச்சிருந்தா யூனிகோடுக்கு மாத்திட்டு கட்டாயம் ஒருதடவ முழுசா படிங்க, மாத்தறப்ப கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும், கிரந்த எழுத்து காணாம போகும், நான் இருபது வருஷம் பாத்த வேலைல பாதி நேரம் இத திருத்தறதுலயே போச்சு. ஒரே நேரத்துல ரெண்டு மூணு பதிப்பகத்துக்கு அனுப்பலாம், தப்பில்ல, ஆனா அத கடிதத்துலயே சொல்லிடுங்க, ஒருத்தர் எடுத்துக்கிட்டா மத்தவங்களுக்கு உடனே தெரியப்படுத்துங்க. மூணு மாசம் சத்தமே வராது, அது வழக்கம் தான். மார்கழி தை மாசத்துல அனுப்பாதீங்க, சென்னை புத்தகக் காட்சிக்காக அத்தனை பேரும் ராத்திரி பகலா பிரஸ்ல நிப்பாங்க, உங்க மெயில் அடியில போயிடும். மூணு மாசம் கழிச்சு ஒரு மெயில், அப்புறம் ஒரு போன். அவ்வளவு தான், தினம் கூப்பிடாதீங்க.

இதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அத செஞ்சீங்கன்னா பாதி கிணறு தாண்டுன மாதிரி. ஒரு அத்தியாயத்த தனியா நிக்கற மாதிரி சரி பண்ணி பத்திரிகைக்கு அனுப்புங்க. அச்சுல வர்ற இலக்கிய இதழ்களும் இருக்கு, சொல்வனம் வாசகசாலை மாதிரி இணைய இதழ்களும் இருக்கு. தமிழ்ல ஏஜென்ட் செய்யற வேலைய இந்த இதழ்கள் தான் செய்யுது. பதிப்பாளர்கள் இத படிக்கறாங்க, பிடிச்சிருந்தா அவங்களே தேடி வர்றதும் நடக்குது. என் ரெண்டாவது புக் அப்படித்தான், ஒரு கட்டுரை இதழ்ல வந்து நாலு மாசத்துல கடிதம் வந்துச்சு, இதே மாதிரி இன்னும் எத்தன வச்சிருக்கீங்கன்னு.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியம். உங்க அப்பா பேசற பேச்ச மாத்தாதீங்க. பெரட்டு, லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கங்காணி, கவ்வாத்து (தேயிலைச் செடிய வெட்டி விடறது), கொழுந்து, இதெல்லாம் நூறு வருஷத்துக்கு மேல தோட்டத்து ஜனங்க வாயில புழங்குன சொல்லு. எடிட் பண்றவங்க சமவெளிக்காரங்களா இருந்தா இத புரியாதுன்னு மாத்தச் சொல்லலாம். பெரட்டுன்னா காலைல ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற எடம்னு முதல் தடவ வர்றப்ப வாக்கியத்துக்குள்ளயே புரியற மாதிரி எழுதிட்டா போதும், கடைசியில வேணும்னா ஒரு சொல் பட்டியல் வைங்க. மத்தபடி எடிட்டர் சொல்றத காது குடுத்துக் கேளுங்க. ஒரே சம்பவம் மூணு எடத்துல வருதுன்னு சொன்னா அது உண்மையா தான் இருக்கும். ஆனா சொல்லுல கை வச்சா விடாதீங்க. அப்புறம் தோட்டத்து தொரை (மேனேஜர்), கண்டக்டர் (வேலைய மேற்பார்வை பாக்கறவர்), சங்கத் தலைவர்னு உயிரோட இருக்கறவங்கள பத்தி கெட்டதா எழுதியிருந்தா பேர மாத்திடுங்க, இல்ல ஆதாரம் கைல இருக்கான்னு பாருங்க, அவதூறு வழக்குனு வந்தா அலையறது நீங்க தான்.

இப்ப ஒப்பந்தம். இத நிதானமா படிங்க, ஏஜென்ட் இல்லாதப்ப இந்த வேலைய நீங்க தான் செய்யணும். காப்புரிமை (காப்பிரைட்) எழுதுன நிமிஷமே உங்களுது, பதிவு பண்ணா தான் வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வேணும்னா பதிஞ்சுக்கலாம், இலக்கியப் படைப்புக்கு கட்டணம் 500 ரூபா தான், அதுக்கு யாருக்கும் ஆயிரக்கணக்குல குடுக்கத் தேவையில்ல. 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுதுனவர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் வரைக்கும் அது வாரிசுகளுக்கு. உரிமைய எழுத்து மூலமா, கையெழுத்து போட்டு குடுத்தா தான் செல்லும், வாய்ப்பேச்சு செல்லாது. ஒப்பந்தத்துல எத்தன வருஷம்னு போடலன்னா அஞ்சு வருஷம்னு சட்டமே எடுத்துக்கும், எந்த நாட்டுக்குன்னு போடலன்னா இந்தியாவுக்கு மட்டும். வாங்கிட்டு ஒரு வருஷம் சும்மா வச்சிருந்தா, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா, உரிமை உங்ககிட்டயே திரும்பிடும். இத்தன பாதுகாப்பு சட்டத்துல இருக்கு, ஆனா அதுக்கு எதிரா ஒரு வரி எழுதி நீங்க கையெழுத்து போட்டா இதுல பலதும் போயிடும். எனக்கு போன மாதிரி. அதனால அச்சுப் புத்தக உரிமை மட்டும் குடுங்க, தமிழ்ல மட்டும், மூணு இல்ல அஞ்சு வருஷத்துக்குன்னு எழுதச் சொல்லுங்க. மின்னூல், ஆடியோ, மொழிபெயர்ப்பு, சினிமா இதெல்லாம் தனித்தனியா பேசுங்க. மலையாளத்துலயோ இங்கிலீஷ்லயோ யாராவது கேக்கற நாள் வரலாம், அப்ப உரிமை உங்க கைல இருக்கணும். காப்புரிமைப் பக்கத்துல உங்க பேர் இருக்கான்னு ப்ரூஃப்லயே பாத்துடுங்க.

பணம் பெருசா வராது, உண்மைய சொல்லிடறேன். தமிழ்ல ராயல்டி பொதுவா விலைல 10 சதவீதம். 200 ரூபா புக்குக்கு உங்களுக்கு 20 ரூபா, 300 காப்பி வித்தா 6,000. பதிப்பாளருக்கும் பெருசா மிச்சமில்ல, கடைக்காரருக்கு கழிவே (டிஸ்கவுண்ட்) 35, 40 சதவீதம் வரைக்கும் போகுது. முன்ன 1,000, 1,200னு அடிச்சாங்க, இப்ப டிஜிட்டல் பிரின்ட் வந்ததும் 100, 200 அடிச்சு தீந்தா திரும்ப அடிக்கறாங்க. அதனால எத்தன அடிச்சாங்க, எத்தன வித்துச்சுன்னு வருஷத்துக்கு ஒருதடவ கணக்கு தரணும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி போடுங்க. உங்களுக்கு இலவசமா தர்ற ஆசிரியர் பிரதி எத்தன, மேல வேணும்னா என்ன கழிவுல தருவாங்கன்னும் கேட்டு எழுதுங்க. நூலக ஆணை (அரசு நூலகங்களுக்கு புக் வாங்கற ஆர்டர்) கிடைச்சா அதுல ராயல்டி எப்படின்னு தனியா கேளுங்க, இத கேக்க மறந்துட்டு பின்னாடி மனஸ்தாபம் ஆனவங்க உண்டு.

ஆறேழு எடத்துல முயற்சி பண்ணியும் நடக்கலன்னா? அப்ப நீங்களே போடலாம், ஆனா பேக்கேஜ் வாங்காதீங்க, வேலைய பிரிச்சு குடுங்க. லேஅவுட்டுக்கு ஒரு ஆள், ப்ரூஃப்புக்கு ஒரு ஆள், அட்டைக்கு ஒரு ஆள், அச்சுக்கு ஒரு பிரஸ். கொட்டேஷன் கேக்கறப்ப டெம்மி சைஸ், 70 ஜிஎஸ்எம் (பேப்பர் கனம்) என்எஸ் (லேசா மஞ்சள் நிறம்) பேப்பர், 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு ராப்பர் (மேல் அட்டை), மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங், இத்தன பக்கம், இத்தன காப்பின்னு மூணு பிரஸ்ல ஒரே மாதிரி கேளுங்க, அப்ப தான் விலைய ஒப்பிட முடியும். பக்கத்த 16ஆல வகுபடற மாதிரி நிறுத்துனா பேப்பர் வீணாகாது, அந்த 16 பக்கத்தத்தான் ஒரு பாரம்ங்கறது. ப்ரூஃப் பாக்கறதுல மட்டும் காச மிச்சம் புடிக்காதீங்க, நீங்க எழுதுனத நீங்களே படிச்சா தப்பு கண்ணுல படாது.

ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புக்குக்கும் தர்ற தனி அடையாள நம்பர், இலவசம், இத எல்லாருக்கும் சொல்லுங்க. ராஜா ராம்மோகன் ராய் பேர்ல டெல்லியில ஒரு அமைப்பு இருக்கு, ஆன்லைன்ல விண்ணப்பிச்சா எழுத்தாளருக்கே நேரா தர்றாங்க, ஒரு பைசா இல்ல. பல பேக்கேஜ்ல இதுக்கு தனியா விலை போட்டிருக்கறத பாத்திருக்கேன். அச்சடிச்ச புக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க. நீங்களே பதிப்பாளர்னா 1954 சட்டப்படி புக் வந்த 30 நாளைக்குள்ள கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு காப்பி அனுப்பணும். இது பாரமா தெரியும், ஆனா உங்க அப்பா கதை கன்னிமாராவுல ஒரு அலமாரியில இருக்குங்கறது எவ்வளவு பெரிய விஷயம்.

நீங்களே போட்டா 100க்கு மேல அடிக்காதீங்க. பந்தலூர்ல தென்மேற்குப் பருவம் எப்படி ஊத்தும்னு உங்களுக்கே தெரியும், ஜூன் ஜூலைல துணியே காயாது, பேப்பர் என்ன ஆகும். மே மாசம் காப்பிய எடுத்து மழைக்கு குடோன் ஆக்காதீங்க, மழை விட்டப்புறம் அடிங்க. மிச்சத்த பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி, தரையையும் வெளிச்சுவரையும் தொடாம, அடுப்பு எரியற ரூமுக்கு பக்கத்துல பலகை மேல வைங்க. விக்கறதுக்கு மாவட்ட புத்தகத் திருவிழா ஊட்டியில நடக்கறப்ப ஏதாவது ஸ்டால்ல பேசி வைக்கலாம், தோட்டத்து சங்கம், பள்ளிக்கூடம், தாயகம் திரும்பியோர் குடும்பங்கள்னு நேரா போகலாம். அமேசானோட கிண்டில்ல தமிழ் மின்னூல் 2016 கடைசில இருந்து நாமளே போடலாம், செலவு கிடையாது, ஆனா செலக்ட்னு ஒரு திட்டத்துல டிக் பண்ணா 90 நாளைக்கு அந்த மின்னூல வேற எங்கயும் தர முடியாது, அத படிச்சிட்டு டிக் பண்ணுங்க.

அரசாங்க உதவியும் இருக்கு. தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி குடுக்குது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத்துறையும் அந்த சமூக எழுத்தாளர்களுக்கு தனியா குடுக்குது. அறிவிப்பு வர்றப்ப தான் விண்ணப்பிக்க முடியும், ஊட்டி கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல விசாரிச்சு வைங்க. இதுக்கு கையெழுத்துப் பிரதி சுத்தமா டைப் பண்ணி தயாரா இருக்கணும், அறிவிப்பு வந்தப்புறம் டைப் பண்ண ஆரம்பிச்சா தேதி போயிடும்.

அந்தக் கம்பெனிக்காரங்க ஆஃபர் இந்த வாரத்தோட முடியுதுன்னு சொல்லுவாங்க, முடியட்டும். நீங்க முதல்ல கப்பல் அத்தியாயத்த மட்டும் யூனிகோடுல அடிங்க. அப்பாவுக்கு ஒருதடவ சத்தமா படிச்சுக் காட்டுங்க, அவர் எங்க நிறுத்தி இல்லம்மா அப்படி இல்லன்னு சொல்றாரோ அங்க திருத்துங்க. திருத்துனத எனக்கு அனுப்புங்க, ப்ரூஃப் நான் பாத்து தர்றேன், காசெல்லாம் வேண்டாம்.